ஆபீஸ் மெயில் சர்வரை வெளியில இருந்து பாக்கணும்: போர்ட் திறக்கவா, விபிஎன் போடவா, சர்வரையே மாத்திடவா?

சின்ன கம்பெனிக்காரங்க நிறைய பேர் இந்த ஒரே இடத்துல வந்து நிக்கறாங்க. ஆபீஸ்லயே ஒரு மெயில் சர்வர் இருக்கு, அக்கவுண்ட்ஸ் ரூம் மூலைல, டேலி ஓடற மெஷினுக்குப் பக்கத்துல. உள்ள உக்காந்திருக்கற வரைக்கும் எல்லாம் நல்லா ஓடுது, வெளிய போனா மெயில் நின்னுபோகுது. நெட்வொர்க் பாக்கறவரைக் கேட்டா "ஒரு போர்ட் ஓபன் பண்ணா முடிஞ்சுதுங்க"ங்கறார், இன்னொருத்தர் "அதெல்லாம் ஆகவே ஆகாது, விபிஎன்தான்"ங்கறார், மூணாவது ஆள் "இன்னுமா சர்வர் வெச்சிட்டு இருக்கீங்க, கூகுளுக்கு மாத்திடுங்க"ங்கறார். மூணு பேர் சொல்றதுலயும் உண்மை இருக்கு, ஆனா உங்க ஆபீஸுக்கு எது பொருந்தும்னு யாரும் கேட்டுட்டு சொல்றதில்ல. போர்ட்னா வெளிய இருந்து சர்வருக்குள்ள வர்ற நம்பர் போட்ட வாசல், விபிஎன்னா வெளிய இருக்கற ஃபோனை ஆபீஸ் நெட்வொர்க்குள்ள கொண்டு வர்ற ரகசியப் பாதை.

பேச வசதியா திருப்பூர் பக்கம் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் ஆபீஸை எடுத்துக்குவோம். 15, 20 பேர். மெர்ச்சண்டைசர் பாதி நாள் நிட்டிங், டையிங்னு யூனிட் யூனிட்டா சுத்திட்டு இருப்பாங்க, ஷிப்பிங் பாக்கறவர் தூத்துக்குடில இருப்பார், ஐரோப்பா பையர் மெயில் அனுப்பற நேரத்துக்கு நம்ம ஆபீஸ்ல லைட் அணைச்சு வீட்டுக்குக் கிளம்பிடுவாங்க. இப்படிப்பட்ட இடத்துல வெளிய இருந்து மெயில் பாக்கறது ஒரு வசதி மட்டும் இல்ல, ஆர்டரே அதுலதான் நிக்குது.

## முதல்ல, மெயில் சர்வர்ல இருக்கா?

எந்த வழின்னு யோசிக்கறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க. பழைய ஆபீஸ்ல அவுட்லுக்கை பாப்3-ல செட் பண்ணி வெச்சிருப்பாங்க. காலைல கம்ப்யூட்டர் ஆன் பண்ணதும் அவுட்லுக் சர்வர்ல இருக்கற மொத்த மெயிலையும் உருவி அந்த மெஷின்ல ஒரு பிஎஸ்டி ஃபைல்ல போட்டுக்கும், சர்வர்ல ஒண்ணும் மிச்சம் இருக்காது. அனுப்பின மெயிலும் அந்த ஒரு மெஷின்லதான். அப்புறம் நீங்க எவ்வளவு செலவு பண்ணி வெளிய இருந்து உள்ள வந்தாலும் இன்பாக்ஸ் காலியாத்தான் தெரியும். அதனால முதல் வேலை எல்லா கணக்கையும் ஐமேப்புக்கு (மெயில் சர்வர்லயே இருக்கும், எந்த மெஷின்லயும் பாக்கலாம்) மாத்தறது, பழைய பிஎஸ்டில இருக்கறதை அவுட்லுக் வழியாவே சர்வர் ஃபோல்டருக்கு இழுத்துப் போடறது. அதுக்கு சர்வர் டிஸ்க்ல இடம் இருக்கான்னும் பாருங்க, பத்து வருஷ டெக்பேக் (டிசைன், அளவு விவர ஃபைல்), ஆர்ட்வொர்க் எல்லாம் சேந்தா ஒரு ஆளுக்கே நிறைய ஆகும்.

## எதை வெச்சு முடிவு பண்றது

ஃபோனா, லேப்டாப்பா. பெரும்பாலும் வெளிய போறவங்களுக்கு வேண்டியது ஃபோன்ல மெயில் வந்ததும் டொய்ங்னு சத்தம் கேக்கறதுதான். பட்டன் தட்டி, லாகின் பண்ணி, அப்புறம் பாக்கற மாதிரி வெச்சா ரெண்டு வாரத்துல யாரும் அதைத் தொட மாட்டாங்க, பையர் கிட்ட பர்சனல் ஜிமெயில் ஐடியைக் குடுக்க ஆரம்பிச்சிடுவாங்க. அது நடந்துட்டா நீங்க போட்ட பாதுகாப்புக்கு அர்த்தமே இல்ல.

ஒரு பாஸ்வேர்ட் வெளிய போனா என்ன போகும். எனக்கு இதுதான் எல்லாத்தையும் விடப் பெரிய கேள்வி. மெயில் பாஸ்வேர்ட் கிடைச்சவன் உடனே எதையும் உடைக்க மாட்டான். சத்தமில்லாம ஒரு ஃபார்வர்டு ரூல் போட்டுட்டு வாரக்கணக்குல படிச்சிட்டு இருப்பான், யாரு பையர், எப்ப பேமெண்ட், இன்வாய்ஸ் எந்த மாதிரி இருக்கும்னு பழகிட்டு, சரியா பணம் வர்ற வாரத்துல "எங்க பேங்க் அக்கவுண்ட் மாறியிருக்கு"ன்னு உங்க பேர்ல உங்க நடைலயே ஒரு மெயில் போடுவான். எக்ஸ்போர்ட் பண்ற ஊர்கள்ல இந்த மோசடி அடிக்கடி நடக்குது, போன பணம் திரும்பறது ரொம்பக் கஷ்டம்.

பேட்ச் (ஓட்டையை அடைக்கற அப்டேட்) யார் போடறது. ஞாயித்துக்கிழமை ஒரு ஓட்டை வெளிய வந்தா திங்கக்கிழமை காலைக்குள்ள அதை அடைக்க ஒரு ஆள் பேர் சொல்ல முடியுமா? "நம்ம வெண்டர் பாத்துக்குவார்"ங்கறது பதில் இல்ல, அவர் மாசம் ஒரு தடவை வர்றவர்.

லைன் எப்படிப்பட்டது. ரவுட்டர் பேஜ்ல வேன் ஐபின்னு (நெட்ல உங்க லைனோட முகவரி) ஒண்ணு காட்டும், அதைப் பாருங்க. 100.64-ல இருந்து 100.127 வரைக்கும் உள்ள நம்பர்ல ஆரம்பிச்சா உங்களுக்குன்னு தனி ஐபி இல்ல, நெட் கம்பெனி நிறைய கஸ்டமரை ஒரே ஐபிக்குப் பின்னாடி வெச்சிருக்குன்னு அர்த்தம், 2012-ல இந்த வேலைக்குன்னே ஒதுக்கின ரேஞ்ச் அது. இந்த லைன்ல வெளிய இருந்து போர்ட் திறக்கவே முடியாது. ஸ்டாட்டிக் ஐபி (மாறாத தனி முகவரி) வாங்கணும், அதுக்குத் தனிக் காசு, சில இடத்துல பிசினஸ் பிளானுக்கே மாறச் சொல்வாங்க.

கரண்ட் போனா. மாசாந்திரப் பராமரிப்புன்னு காலைல 9 மணிக்கு நிறுத்தினா சாயங்காலம்தான் வரும். அன்னைக்கு சர்வர் ஆஃப் ஆனாலும் வர்ற மெயில் தொலையாது, அனுப்பற சர்வர் பொதுவா சில நாள் வரைக்கும் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். ஆனா வெளில இருக்கறவங்களுக்கு அன்னைக்கு முழுக்க மெயில் கிடையாது. இந்தக் குறை சர்வர் ஆபீஸுக்குள்ள இருக்கற எல்லா வழிக்கும் பொது.

## வழி 1: போர்ட்டைத் திறந்து நேரா ஐமேப்

படிக்கறதுக்கு 993, அனுப்பறதுக்கு 465 இல்லாட்டி 587. ரவுட்டர்ல இந்த ரெண்டை சர்வர் பக்கம் திருப்பி விட்டா ஃபோன்ல இருக்கற எந்த மெயில் ஆப்பும் ஓடும், யாருக்கும் எதுவும் சொல்லிக்குடுக்க வேண்டாம், மெயில் வந்ததும் தெரியும். 143, 110 ரெண்டையும் (பூட்டு இல்லாம போற பழைய வழி) வெளிப்பக்கம் திறக்கவே கூடாது. 25 மத்த சர்வர்ல இருந்து மெயில் வர்றதுக்கானது, அதுல யூசர் லாகினை அனுமதிக்காதீங்க.

இதோட உண்மையான விலை போர்ட் திறந்த அன்னைக்கு ராத்திரியே லாக்ல (யார் எப்ப வந்து தட்டினாங்கன்னு சர்வர் எழுதற பதிவு) தெரிய ஆரம்பிச்சிடும். இன்ஃபோ, அட்மின், சேல்ஸ், அக்கவுண்ட்ஸ், ஸ்கேனர்னு பேர் மாத்தி மாத்தி எங்கெங்க இருந்தோ தட்டிட்டே இருப்பாங்க. ஃபெயில்2பேன்னு ஒரு தடுப்பு சாஃப்ட்வேர் போட்டா ஒரே ஐபில இருந்து திரும்பத் திரும்ப வர்றவனைத் தடுக்கும், ஆனா இப்ப வர்றவங்க ஒரு ஐபிக்கு ஒரு தடவை, ரெண்டு தடவைன்னு பிரிச்சு அடிக்கறாங்க. அந்த "ஸ்கேனர்" கணக்கைத்தான் எல்லாரும் மறந்துடறாங்க. ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் பண்ணி மெயில் அனுப்பறதுக்குன்னு எப்பவோ யாரோ போட்டது, பாஸ்வேர்ட் ஸ்கேன்123, அதை வெச்சு உள்ள வந்து ஒரே ராத்திரில ஆயிரக்கணக்குல ஸ்பாம் அனுப்புவாங்க, காலைல உங்க ஐபி பிளாக்லிஸ்ட்ல (ஸ்பாம் அனுப்பறவங்க பட்டியல்) இருக்கும், பையருக்கு ஒரு மெயில் போகாது. 2024 பிப்ரவரில இருந்து கூகுள் அனுப்பறவங்க மேல விதிகளை இறுக்கினதுக்கு அப்புறம் கெட்ட பேரோட இருக்கற ஐபி திரும்ப நல்ல பேர் வாங்கறது இன்னும் கஷ்டம்.

இன்னொண்ணு, சாதாரண ஐமேப் லாகின்ல ஓடிபி கேக்கற வசதி இல்ல. பாஸ்வேர்ட் ஒண்ணுதான் பூட்டு.

சின்னதா ஒரு தொல்லையும் இருக்கு, எல்லாரும் மாட்டற இடம். ஃபோன் வெளில இருக்கும்போது மெயில் ஓடுது, ஆபீஸ் வைஃபைக்குள்ள வந்ததும் நின்னுடுது, இல்லாட்டி "சர்வர் அடையாளத்தை உறுதிப்படுத்த முடியல"ன்னு கேக்குது. காரணம், உள்ள இருந்துட்டு வெளி ஐபியைக் கூப்பிட்டா நிறைய ரவுட்டருக்குத் திருப்பி விடத் தெரியாது, அதைச் சமாளிக்க யாராவது ஃபோன்ல சர்வர் பேருக்குப் பதிலா 192.168-னு நம்பரைப் போட்டிருப்பாங்க, சர்வரோட அடையாளச் சான்றான சர்ட்டிஃபிகேட்ல இருக்கற பேரோட அது பொருந்தாது. ஆபீஸ் டிஎன்எஸ்ல (பேரை ஐபி நம்பரா மாத்திக் குடுக்கறது) அதே பேருக்கு உள் ஐபியைக் காட்டற மாதிரி வெச்சா தீந்துடும். தயவுசெஞ்சு அந்த எச்சரிக்கைல "பரவால்ல, தொடரவும்"னு அமுக்கப் பழக்கிடாதீங்க, நாளைக்கு ஹோட்டல் வைஃபைல நிஜமாவே ஒருத்தன் நடுவுல நின்னாலும் இதே எச்சரிக்கைதான் வரும்.

இதைத் தேர்ந்தெடுங்க: ஸ்டாட்டிக் ஐபி இருக்கு, சர்வரைத் தெரிஞ்ச ஒரு ஆள் சம்பளத்துல இருக்கார், லாகை தினமும் பாக்கறார், ஃபோன்ல மெயில் பாக்கறவங்க நிறைய பேர்னா இது நல்லாவே ஓடும். சைபர் பாதுகாப்பைப் பாக்கற மத்திய அரசு அமைப்பு செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல போட்ட உத்தரவுப்படி லாக் 180 நாள் வெச்சிருக்கணும், ஊடுருவல் நடந்தா தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள சொல்லணும், அதையும் அந்த ஆள் பொறுப்புல எழுதுங்க.

## வழி 2: வெப்மெயில் மட்டும்

வெப்சைட் ஓடற போர்ட் 443 ஒண்ணை மட்டும் திறந்து பிரவுசர்ல மெயில். ரவுண்ட்கியூப், ஜிம்ப்ரா, மைக்ரோசாஃப்ட் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சோட அவுட்லுக் வெப் எல்லாம் இதுல வரும். நல்ல விஷயம் ஓடிபி சேக்கலாம், ஃபோன் தொலைஞ்சா அதுக்குள்ள மெயில் கிடையாது. கெட்ட விஷயம், ஃபோன்ல டொய்ங்னு வராது, பெரிய அட்டாச்மெண்ட் ஃபோன் பிரவுசர்ல திறக்கறது தலைவலி.

ஆனா 443 மட்டும்தானேன்னு நிம்மதியா இருந்துட முடியாது. 2021 மார்ச்ல எக்ஸ்சேஞ்ச்ல நாலு ஓட்டை ஒண்ணா வெளிய வந்துது, வெளியில இருந்து 443-க்கு வர முடிஞ்சா போதும், பாஸ்வேர்டே வேண்டாம், உலகம் முழுக்க சின்னச் சின்ன ஆபீஸ் சர்வர்கள் கொத்துக் கொத்தா விழுந்துது. ரவுண்ட்கியூப்ல 2025 ஜூன்ல வெளிய வந்த ஓட்டை பத்து வருஷமா உள்ளயே இருந்திருக்கு, ஏதாவது ஒரு யூசரோட பாஸ்வேர்ட் இருந்தா சர்வரையே பிடிக்கலாம். இங்கதான் அந்த ஸ்கேனர் கணக்கு திரும்ப வந்து நிக்கும். எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 ரெண்டுக்கும் 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சுது, இன்னும் அதை வெச்சிருந்தா நெட்ல நேரா காட்டறதைப் பத்தி யோசிக்கவே யோசிக்காதீங்க.

தனி ஐபி இல்லாதவங்களுக்கு கிளவுட்ஃபிளேர் டனல் மாதிரி ஒண்ணு இருக்கு, சர்வரே வெளிய பாத்து கனெக்ட் பண்ணிக்கும், ரவுட்டர்ல எதையும் திறக்க வேண்டாம், அவங்க லாகின் பேஜை முன்னாடி நிறுத்தி வெச்சு ஆளைச் சரிபாத்துட்டுத்தான் வெப்மெயிலே காட்டலாம். மறைஞ்சிருக்கற விஷயம் ரெண்டு. ஃபோன்ல தனியா ஒரு ஆப் போடாம ஐமேப் இது வழியா போகாது. அப்புறம் என்கிரிப்ஷன் (நடுவுல யாரும் படிக்க முடியாம போடற பூட்டு) அவங்க கிட்ட திறந்து மூடித்தான் உங்களுக்கு வருது.

இதைத் தேர்ந்தெடுங்க: வெளிய போறவங்க எப்பவாவது பாக்கறவங்க, லேப்டாப்தான் பெருசா, இல்லாட்டி ஆடிட்டர் ஆபீஸ் கம்ப்யூட்டர் மாதிரி அடுத்தவங்க மெஷின்ல பாக்க வேண்டியிருக்குன்னா.

## வழி 3: விபிஎன்

சர்வரை வெளி உலகத்துக்குக் காட்டவே வேண்டாம், ஆளுங்களை உள்ள கூட்டிட்டு வந்துடலாம்ங்கறது இது. என் மனசு பெரும்பாலும் இங்கதான் சாயும். வயர்கார்டுங்கற விபிஎன் 2020 மார்ச்ல லினக்ஸ் கெர்னல்லயே (லினக்ஸோட மையப் பகுதி) சேந்துடுச்சு, செட் பண்றது லேசு. சரியான சாவி (ஃபோன்ல போட்டு வெக்கற நீளமான ரகசியக் குறி) இல்லாதவன் எவ்வளவு தட்டினாலும் பதிலே சொல்லாது, ஸ்கேன் பண்றவனுக்கு அங்க ஒரு சர்வர் இருக்கறதே தெரியாது. ஸ்கேனர் கணக்கோட பாஸ்வேர்ட் தெரிஞ்சாலும் சாவி இல்லாம அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. பேட்ச் ரெண்டு நாள் தள்ளிப்போனாலும் வெளில இருந்து உடனே அடி விழாது, அதுக்காகப் போடாமலே விட்டுடக் கூடாது.

யாரும் பட்டனைத் தட்ட மாட்டாங்கங்கறதுதான் விபிஎன் மேல சொல்ற பெரிய குறை. அதுக்கு வழி இருக்கு. வயர்கார்டு செட்டிங்ல அலவுட் ஐபிஸ்னு ஒரு வரி, அதுல மெயில் சர்வரோட ஒரே ஒரு ஐபியை மட்டும் போடுங்க, ஆண்ட்ராய்டுல ஆல்வேஸ் ஆன் பண்ணிடுங்க. அப்ப மெயில் டிராஃபிக் மட்டும் ஆபீஸுக்கு வரும், யூடியூப், வாட்ஸ்அப் எல்லாம் அதுபாட்டுக்கு நேரா போகும், பேட்டரியும் பெருசா போகாது. ஆளுக்கு இது இருக்கறதே தெரியாது. நிறைய பேர் 0.0.0.0-னு (எல்லா முகவரியும்னு அர்த்தம்) போட்டு மொத்த ஃபோனையும் ஆபீஸ் லைன் வழியா இழுக்கறாங்க, ஆபீஸ் அப்லோடு ஏற்கனவே சிசிடிவிக்குப் போயிட்டு இருக்கும், 20 எம்பி டெக்பேக் ஒண்ணு திறக்க அஞ்சு நிமிஷம் சுத்தினா ஆள் வெறுத்துப்போய் ஆஃப் பண்ணிடுவார்.

மறைஞ்சிருக்கற செலவுகள்: ஒவ்வொரு ஃபோனுக்கும் தனிச் சாவி போடணும், ஒரே சாவியை நாலு பேருக்குக் குடுத்தா ஒருத்தரை நிறுத்த முடியாது. ஃபோன்ல ஒரு நேரத்துல ஒரு விபிஎன்தான் ஓடும். சில ஹோட்டல் வைஃபைல வயர்கார்டு போற யூடிபி வழியைத் தடுத்து வெச்சிருப்பாங்க, அதுக்கு ஓபன்விபிஎன்ங்கற இன்னொரு விபிஎன்னை வெப்சைட் போற டிசிபி 443-ல மாத்து வழியா வெச்சுக்கலாம். மெஷினரி, துணி பாக்க சீனா போறவங்க இருந்தா முன்னாடியே யோசிங்க, அங்க விபிஎன் நிறைய நேரம் கனெக்ட் ஆகாது. அதே ஊர்ல ஜிமெயிலும் 2014-ல இருந்து அடைப்புதான், அதனால கூகுளுக்கு மாறினா தீரும்னும் இல்ல. அப்படிப் போற ஒரு வாரத்துக்கு மட்டும் ஓடிபி போட்ட வெப்மெயிலைத் திறந்து வெச்சுட்டு, ஆள் திரும்பினதும் மூடறது நல்லது.

ரவுட்டர்ல "விபிஎன் சர்வர்"னு ஒரு டிக் இருக்கும், உள்ள போய்ப் பாத்தா பிபிடிபின்னு ஒரு பழைய விபிஎன் முறை இருக்கும். அதைத் தொடாதீங்க, 2012-லயே அதோட பாஸ்வேர்ட் முறையை உடைச்சுக் காட்டிட்டாங்க, ஆண்ட்ராய்டு 12-ல இருந்து புதுசா சேக்கவும் விடறதில்ல.

தனி ஐபி இல்லாட்டி டெயில்ஸ்கேல்ங்கற விபிஎன் சர்வீஸ் சுலபம், வயர்கார்டு மேலயே கட்டினது, நெட் கம்பெனி ஒரே ஐபிக்குப் பின்னாடி வெச்சிருக்கற அடைப்பையும் தாண்டிப் போகும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க, அதுல ஒவ்வொரு டிவைஸ் சாவியும் சாதாரணமா 180 நாள்ல காலாவதி ஆகும். சர்வருக்கு மட்டும் அந்தக் காலாவதியை ஆஃப் பண்ணலேன்னா ஆறு மாசம் கழிச்சு ஒருநாள் எல்லாருக்கும் ஒண்ணா மெயில் நின்னுபோகும், அன்னைக்கு யாருக்கும் காரணம் பிடிபடாது.

இதைத் தேர்ந்தெடுங்க: வெளிய போறவங்க பத்துப் பேருக்குள்ள, ஃபோனை வாங்கி ஒரு தடவை செட் பண்ணிக் குடுக்க முடியும்னா.

## வழி 4: ஆபீஸ் கம்ப்யூட்டரையே தூரத்துல இருந்து பாக்கறது

எனிடெஸ்க், ரிமோட் டெஸ்க்டாப். மெயில் மட்டும் வேண்டியவருக்கு டேலி, ஷேர் ஃபோல்டர், பேங்க் டோக்கன் எல்லாத்தையும் சேத்துக் குடுக்கறீங்க. அந்தக் கம்ப்யூட்டர் ராத்திரியும் ஆன்ல இருக்கணும். ரிமோட் டெஸ்க்டாப்போட போர்ட் 3389-ஐ நெட்ல நேரா திறந்து வெச்சா ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிட்டுப் பணம் கேக்கறது) வர்ற முக்கியமான வாசல்ல ஒண்ணைத் திறந்து வெச்ச மாதிரி, அதைப் பண்ணவே பண்ணாதீங்க. பிஎஸ்டி ஃபைலுக்காகத்தான் பாதிப்பேர் இதைப் பிடிச்சிட்டுத் தொங்கறாங்க, ஐமேப்புக்கு மாறினா இதோட தேவையே போயிடும். டேலியும் சேந்தே வேணும்னா விபிஎன்னுக்குள்ள ரிமோட் டெஸ்க்டாப் வெச்சுக்கலாம்.

## வழி 5: மெயிலையே வெளிய குடியேத்தறது

ஸோஹோ, கூகுள், மைக்ரோசாஃப்ட்னு எங்கயாவது. கரண்ட், லைன், பேட்ச், பிளாக்லிஸ்ட் எல்லாக் கவலையும் போகும், ஓடிபி இருக்கும், ஃபோன்ல தானா ஓடும். பேட்ச் போட ஆள் பேர் சொல்ல முடியாத கம்பெனிக்கு இதைத் தவிர வேற எதையும் நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

செலவை ஒழுங்காப் போடுங்க. ஆளுக்கு மாசம் இவ்வளவுன்னு கேக்கறப்ப சின்னதாத் தெரியும், 20 பேர், அஞ்சு வருஷம், ஜிஎஸ்டியோட பெருக்கிப் பாருங்க. அதே சமயம் இன்ஃபோ, சேல்ஸ், ஸ்கேனர் இதெல்லாம் ஆளுங்க இல்ல, ஏலியாஸாவோ (ஒரு கணக்குக்கு இன்னொரு பேர்) குரூப்பாவோ வெச்சா அதுக்குக் காசு மிச்சம். ஸோஹோல இலவசப் பிளான் இருக்கேன்னு போறவங்க, அதுல ஐமேப் கிடையாது, அவங்க ஆப்லயும் பிரவுசர்லயும்தான் பாக்கலாம்னு தெரிஞ்சு போங்க. டேட்டா இந்தியாலயே இருக்கணும்னு நினைக்கறவங்களுக்கு அவங்க டேட்டா சென்டர் சென்னைலயும் மும்பைலயும் இருக்கறது ஒரு பிளஸ்.

மாத்தற அன்னைக்கு எல்லாரும் முட்டிக்கற இடம் டொமைன். பத்து வருஷத்துக்கு முன்னாடி வெப்சைட் போட்டுக்குடுத்தவர் தன் பேர்ல ரிஜிஸ்டர் பண்ணியிருப்பார், அவர் நம்பர் இப்ப யார்கிட்டயும் இருக்காது, டொமைன் லாகின் இல்லாம ஒரு எம்எக்ஸ் ரெக்கார்டு (மெயில் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்றது) கூட மாத்த முடியாது. எந்த வழி எடுத்தாலும் இதை இந்த வாரமே கேட்டு உங்க பேருக்கு மாத்திக்குங்க.

## ஒரே பார்வைல

| | போர்ட் திறந்து ஐமேப் | வெப்மெயில் | விபிஎன் | ரிமோட் டெஸ்க்டாப் | வெளிய மாத்தறது |
|---|---|---|---|---|---|
| ஃபோன்ல உடனே மெயில் | வரும் | வராது | ஆல்வேஸ் ஆன் வெச்சா வரும் | வராது | வரும் |
| பாஸ்வேர்ட் மட்டும் போனா | அந்த மெயில் மொத்தமும் | ஓடிபி இருந்தா தப்பிக்கும் | சாவி இல்லாம உள்ள வர முடியாது | கம்ப்யூட்டரே போகும் | ஓடிபி இருந்தா தப்பிக்கும் |
| தனி ஐபி | வேணும் | டனல் இருந்தா வேண்டாம் | டெயில்ஸ்கேல்னா வேண்டாம் | எனிடெஸ்க்னா வேண்டாம் | வேண்டாம் |
| பேட்ச் அவசரம் | ரொம்ப | ரொம்ப | கொஞ்சம் கம்மி | ரொம்ப | அவங்க பொறுப்பு |
| கரண்ட் போனா | நின்னுடும் | நின்னுடும் | நின்னுடும் | நின்னுடும் | நிக்காது |
| மறைஞ்ச செலவு | லாக் பாக்கற ஆள் | ஓட்டைகளைத் துரத்தறது | ஃபோனுக்கு ஃபோன் செட்டிங் | ராத்திரி மெஷின் ஆன் | வருஷா வருஷம் சந்தா |

மேல சொன்ன பனியன் ஆபீஸுக்கு நான் சொல்றது இதுதான்: சர்வர் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்தா வயர்கார்டு, ஓனர், மெர்ச்சண்டைசர், ஷிப்பிங்னு வெளிய சுத்தற ஆறேழு பேருக்கு மட்டும், மத்தவங்களுக்கு வெளி அனுமதியே வேண்டாம். அந்த ஆள் இல்லேன்னா வழி 5, இந்த சீசன் ஷிப்மெண்ட் முடிஞ்ச கையோட ஒரு சனிக்கிழமை பாத்து மாத்திடுங்க.

## ஆள் போறப்ப, ஃபோன் போறப்ப

வழியை முடிவு பண்றப்பவே இதையும் எழுதி வெச்சிடுங்க, ஏன்னா மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுட்டு நாலு தெரு தள்ளி இருக்கற கம்பெனிக்கே போறது இந்த ஊர்ல சாதாரணம். அவர் ஃபோன்ல உங்க பையர் மெயில் இன்னும் வந்துட்டு இருக்கும். கடைசி நாள் சம்பளம் செட்டில் பண்றப்பவே விபிஎன் சாவியை நீக்கணும், மெயில் பாஸ்வேர்டை மாத்தணும், அவர் கணக்குல ஃபார்வர்டு ரூல் ஏதாவது இருக்கான்னு பாக்கணும், இந்த மூணையும் யார் செய்யறதுன்னு ஒரு பேர் இருக்கணும். ஃபோன் தொலைஞ்சாலும் இதே மூணுதான், சிம்மை பிளாக் பண்ணிட்டு அதோட விட்டுட்டா மெயில் வைஃபைல ஓடிட்டேதான் இருக்கும்.